பச்சிளங் குழந்தையின் நோயும் நோய்ப்போலியும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்து, அவற்றுள் காப்புப் பருவத்தை முதற்கண் வைத்தனர். அப்பருவமும் குழந்தை பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. மூன்றாந் திங்கள் முதலாகக் கொள்வதே பாட்டியல் நூலார் மரபாகும். தெய்வங்களை ஒவ்வொன்றாக விளித்துக் குழந்தையைக் காக்குமாறு வேண்டும் அப்பாடல்கள் தொடங்குமுன்னரே, அக்குழந்தை தன் வாழ்நாளில் இடர் மிக்க காலத்தைக் கடந்துவிடுகின்றது. பிறப்பு முதல் 28 நாள் வரையுள்ள காலத்தை மருத்துவ நூலார் பச்சிளங் குழந்தைப் பருவம் என வரையறுப்பர். 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கணும் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் இவ்விருபத்தெட்டு நாட்களுக்குள் இறந்தன என ஐக்கிய நாடுகள் நிறுவனத்தார் கணித்துள்ளனர். பச்சிளங் குழந்தைகளின் இறப்புகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நிகழ்கின்றன.

இலங்கை இத்துறையில் ஏனைய நாடுகளுக்கு எடுத்துக்காட்டாக விளங்குவது. மலேரியாக் காய்ச்சல் நாடெங்கும் பரவிப் பேரழிவு செய்த 1935 ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவாகும். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாதரும், கட்டணமில்லா வைத்தியமும், பெண் கல்வியும் இம்மாற்றத்துக்குக் காரணமாயின. ஆயின் ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறையக் குறைய, எஞ்சியவற்றுள் பெரும்பகுதி முதல் மாதத்துக்குரியதாகவே அமைந்துவிட்டது. வயிற்றோட்டமும் அம்மையும் ஊரையே வளைத்துக்கொள்ளும் நோய்கள். அவை வருவதை யாவரும் அறிவர். முதல் மாதத்து நோயோ ஒரு வீட்டின் உள்ளறையில், ஓரிரவுக்குள், பெரும்பாலும் ஓசையின்றி வந்து முடிகின்றது.

கிழக்குக் கரையிலே மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடர்ந்து செல்லும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும், அவற்றிடையே காரைதீவு போன்ற தமிழர் ஊர்களும் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். இக்கரையின் குடும்ப அமைப்பு தனித்தன்மை உடையது. திருமணமான பெண் தாய்வீட்டைச் சார்ந்தே வாழ்வாள். மணமகனே அவ்வீட்டுக்கு வருவான். எனவே பிரசவமான பெண்ணைச் சூழ்ந்திருப்போர் அவள் உம்மாவும், உம்மம்மாவும், தாயின் உடன்பிறந்தாருமே. மாமியார் வீட்டில் வாய் திறக்க அஞ்சும் இளந்தாய் என்னும் நிலை இங்கு அரிது. இது தாய்க்கும் சேய்க்கும் பெருந்துணையாகும். அதே வேளையில், குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தவிடத்து, வைத்தியசாலைக்குப் போவதா, ஓதிப் பார்ப்பதா, விடியும்வரை பொறுப்பதா என்பதை முடிவு செய்யும் அதிகாரமும் அம்மூத்த பெண்டிர் கையிலேயே இருக்கின்றது. குழந்தையின் வாப்பா கடலிலோ வயலிலோ மத்திய கிழக்கு நாடொன்றிலோ இருத்தலும் உண்டு. இளந்தாய்க்கு மட்டும் நலவியல் கற்பித்து, அவள் தாய்க்குக் கற்பியாது விடும் முயற்சி இக்கரையில் பாதிப் பயனே தரும்.

இன்று இந்நாட்டிற் பிரசவங்கள் ஏறத்தாழ யாவும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு உள. சிக்கலின்றிப் பிரசவித்த தாய் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றாள். அதன்பின் நாற்பது நாள் வீட்டோடு இருத்தல் முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம். அயலிலுள்ள இந்துக்கள் 31 ஆம் நாளில் துடக்குக் கழிப்பர். தாய்க்கு ஓய்வும், சேய்க்குப் பிறர் நோய் தொற்றாத பாதுகாப்பும் அளிக்கும் இவ்வழக்கு பழிக்கத் தக்கதன்று. ஆயின் கதவடைத்த அறையிலே, மங்கிய ஒளியிலே, நாற்பதுக்கு முன் வெளியே கொண்டு போகலாகாது என்னும் தயக்கத்தோடு குழந்தையை வைத்திருக்கும் அந்நாட்களே, பின்னர்க் காட்டப்படும் நோய்களுள் பல தலைகாட்டும் நாட்களாகவும் அமைந்துள்ளன. நோயுற்ற சேயை வைத்தியரிடம் கொண்டு செல்வதை இஸ்லாமிய மார்க்கம் எங்கும் விலக்கவில்லை. தடையாக நிற்பது ஊர் வழக்கே.

பிறந்தவுடன் காதிற் பாங்கு ஒலித்தலும், ஏழாம் நாளிற் பெயரிட்டு முடி களைந்து, அம்முடியின் நிறைக்கு வெள்ளி தருமம் செய்தலும் குழந்தைக்கு ஊறு செய்யாத இனிய சடங்குகள். சவர அலகு புதியதாகவும், களைந்தபின் தலை துணியால் மூடப்பட்டும் இருத்தல் போதும். தாய் தன் பிள்ளைக்கு நிறைவான ஈராண்டு பாலூட்டுதலைப் பற்றிக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 233 ஆம் வசனம் கூறுகின்றது. இன்றைய மருத்துவமும் அவ்வளவு காலமேனும் ஊட்டுக என்றே கூறும். பிறந்து ஒரு மணிக்குள் பால் கொடுத்தலும், மஞ்சள் நிறமான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாது ஊட்டுதலும், ஆறு மாதம்வரை நீர் முதலிய வேறொன்றும் கொடாமையும் வேண்டும். நாவிலே தேன் தொட்டு வைக்கும் வழக்கு ஒன்றே இவற்றுள் திருத்தத்துக்குரியது. தேனில் உறங்கிக் கிடக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து, ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலறச் செய்யும் நஞ்சை உண்டாக்குதல் கூடும். வளர்ந்தோர் குடலில் அவ்வித்து முளைப்பதில்லை. ஆதலின் நாங்கள் உண்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்னும் வாதம் இங்குச் செல்லாது. சுறுமாவும் கண்மையும் ஈயம் கலந்தனவாக இருத்தல் கூடுமாகையால் அவற்றையும் குழந்தையின் கண்ணுக்கு இடாதிருத்தல் நன்று.

இனி, நோய்களுக்கு வழங்கும் பெயர்களைக் கருதுவோம். தமிழ் வைத்திய நூல்களுள் குழந்தை நோய்களைத் தனித்துக் கூறுவனவற்றைப் பாலவாகடம் என்பர். யாழ்ப்பாணத்துப் பரராசசேகரம் என்னும் பெருந்தொகுதியிலும் பாலரோக நிதானம் எனத் தனிப்பகுதி உண்டு. மாந்தம், கணம், தோடம், கிரந்தி எனப் பலவாகப் பிரித்து, ஒவ்வொன்றின் குறியையும் நுணுகி நோக்கிய அந்நூலாரின் உழைப்பு மதிக்கத் தக்கது. ஆனால் நூலிலிருந்த நுட்பம் வீட்டுப் பேச்சில் எஞ்சவில்லை. மேனியிற் சிவந்த பொரி கண்டாலும் கிரந்தி; பிள்ளை வீறிட்டு அழுதாலும் கிரந்தி; பால் குடியாது துவண்டு கிடந்தாலும் கிரந்தி. முதலாவது மருந்தின்றியே மறைவது. மூன்றாவது சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டு போக வல்லது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெயைத் தடவிக் காத்திருப்பதே கேட்டுக்கு வித்தாகின்றது. இலக்கணத்தில் ஓரெழுத்து வேறோர் எழுத்தினிடத்தில் நின்றும் பொருள் வேறுபடாதிருத்தலைப் போலி என்பர். இங்குள்ள போலியோ அத்தகையதன்று. நோயல்லாதது நோய்போலத் தோன்றிக் கலங்கச் செய்கின்றது, மெய்யான நோயோ நலம்போலத் தோன்றி ஏமாற்றுகின்றது.

நோய்ப்போலிகளை முதலிற் கூறுவது பெற்றோர்க்கு ஆறுதல் தரும். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாட்களில் உடலெங்கும் சிவந்த திட்டுகளும் அவற்றின் நடுவே வெண்ணிறப் பொட்டுகளும் தோன்றிச் சில நாளில் மறைதல் நிறைமாதக் குழந்தைகள் பலரிடத்துக் காணப்படும். மூக்கின்மீது வெண்மணல் தூவியது போன்ற நுண்பரு, தலையில் ஒட்டிய செதில், அடிமுதுகிலும் இடுப்பிலும் காணும் கருநீலத் திட்டு ஆகியனவும் தீங்கற்றவை. அந்நீலத் திட்டை அடிபட்ட காயமெனக் கொண்டு மருத்துவ மாதின்மேற் பழி கூறுவாரும் உளர். அது தோலில் நிறப்பொருள் ஆழத்தில் தங்கியதால் ஆயது, சில ஆண்டுகளில் மங்கிவிடும். தும்மல், விக்கல், கொட்டாவி, உறக்கத்திற் சிரித்தல், பாலருந்தியபின் வாயோரத்தில் வெண்பால் சிறிது வழிதல் என்பனவற்றுக்கும் வைத்தியம் வேண்டுவதில்லை. ஐந்து அல்லது பத்து வினாடி மூச்சு நின்று மீண்டும் விரைந்து செல்லுதலும் பச்சிளங் குழந்தைக்கு இயல்பே. முதல் ஒரு நாளிரண்டு நாள் கைகால்கள் மட்டும் நீலம் பாரித்திருத்தலும் அவ்வாறே. உதடும் நாவும் நீலித்தலோ பேராபத்து.

தாயின் உடலிலிருந்த சுரப்புப் பொருள்கள் சேயின் உடலிலும் சிறிது காலம் தங்குதலால் விளையும் இரு தோற்றங்கள் வீட்டாரைப் பெரிதும் அச்சுறுத்துவன. ஆணாயினும் பெண்ணாயினும் குழந்தையின் மார்பு வீங்கி ஒரு துளி பாலும் கசியலாம். அதனைப் பிழிந்தெடுத்தல் வேண்டும் என்று சிலர் கருதுவர். பிழிந்தால் அவ்விடம் புண்ணாகிச் சீழ்க்கட்டியாகும். தொடாது விட்டாற் சில வாரங்களில் தானே வற்றும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்திற் சிறிது உதிரம் படுதலும் இவ்வகையினதே. குழந்தையின் எடை முதற் சில நாட்களிற் பத்திலொரு பங்குவரை குறைவதும் உண்டு. பத்து முதற் பதினான்கு நாட்களுக்குள் அது பிறந்த எடையை மீண்டும் அடைதல் வேண்டும். ஐந்தாம் நாளின்பின் ஒரு நாளைக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் பால் போதவில்லை எனத் தாயைக் குறை கூறுதல் பெருங்கொடுமை. மாலையானதும் காரணமின்றிக் கால்களை மடக்கி அழும் பிள்ளையும், மற்றைப் பொழுதில் நன்கு பாலுண்டு எடை கூடி வருமாயின், மூன்று நான்கு மாதத்தில் அவ்வழுகையைத் தானே விடும்.

நோய்க்கும் நோய்ப்போலிக்கும் இடையிலே, இரண்டுமாய் நிற்பது செங்கண்மாரி எனப்படும் மஞ்சள் நிறமாகும். கருவிலிருக்கும் குழந்தைக்குச் செங்குருதி அணுக்கள் மிகுதி. பிறந்தபின் அவை சிதைகையில் பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருள் வெளிப்படுகின்றது. அதனை மாற்றி வெளியேற்ற வேண்டிய ஈரலோ இன்னும் முழுவலிமை பெறவில்லை. ஆகையால் இரண்டு மூன்று நாளில் முகம் மஞ்சளித்து, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட நாட்களில் உச்சமுற்று, இரு வாரத்துள் நீங்குதல் மிகப் பல குழந்தைகளிடத்துக் காணும் இயற்கை. ஆனால் அதே மஞ்சள் அளவு கடந்தால், கொழுப்பிற் கரையும் தன்மையதாகையால் மூளையினுட் புகுந்து தங்கிவிடும். அதன் விளைவாகச் சில குழந்தைகள் இறக்கும். பிழைத்த குழந்தை செவிடாகவோ, தன் கைகால்களை ஆளமாட்டாததாகவோ வளரும். வாழ்நாள் முழுதும் நீடிக்கும் அவ்வூனத்தைத் தடுப்பதற்குக் கிடைக்கும் கால எல்லை சில நாள், சிலவிடத்துச் சில மணி நேரமே.

தாய் வைத்தியசாலையை விட்டு வீடு திரும்புவது இரண்டாம் நாளளவில். மஞ்சள் உச்சமுறுவது மூன்று முதல் ஐந்தாம் நாட்களில். அதாவது, கண்காணிப்பு மிகவும் வேண்டப்படும் நேரத்திற் குழந்தை வைத்தியரின் கண்ணிலிருந்து நீங்கி மங்கிய அறைக்குள் இருக்கின்றது. மாநிறத் தோலில் மஞ்சளைக் காண்பது அரிது. மஞ்சள் ஒளி தரும் மின்குமிழின்கீழ் அது முற்றும் மறைந்துவிடும். ஆதலின் நாள்தோறும் காலையிற் குழந்தையை வாயிலருகே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியையும் மார்பையும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, அவ்விடத்து நிறத்தை நோக்குதல் வேண்டும். கண்ணின் வெண்மையையும் ஈறையும் பார்த்தலும் துணை செய்யும். மஞ்சள் முகத்திலிருந்து மார்புக்கும், வயிற்றுக்கும், காலுக்கும் இறங்கி வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்துவிட்டால் ஒரு நாழிகையும் தாழ்க்கலாகாது. பிறந்து 24 மணிக்குள்ளேயே தோன்றும் மஞ்சள் ஒருபோதும் இயல்பானதன்று. தாயின் குருதி வகுப்பும் சேயின் குருதி வகுப்பும் முரணியதால் அணுக்கள் விரைந்து அழிவதன் அறிகுறியாக அது இருத்தல் கூடும்.

இளவெயிலிற் காட்டினால் மஞ்சள் இறங்கும் என இக்கரையில் மட்டுமன்றிப் பல நாட்டிலும் மூதாட்டியர் கூறுவர். இதிற் பாதி உண்மை உண்டு. அவ்வுண்மையை அறிவியல் கண்டறிந்த வரலாறும் சுவையானதே. இங்கிலாந்திலே எசெக்ஸ் மாகாணத்து ரொச்போட் வைத்தியசாலையில், 1956 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், குறைமாதக் குழந்தைகளைப் பேணிய வார்ட் என்னும் தாதித் தலைவி, அக்குழந்தைகளை வெளிமுற்றத்து வெயிலுக்குக் கொண்டு செல்லும் வழக்கமுடையவர். ஒரு நாள் அவர் வைத்தியர்களுக்குக் காட்டிய ஒரு குழந்தையின் உடல் வெளுத்திருக்க, துணியின் மூலை மூடியிருந்த முக்கோணப் பகுதி மட்டும் மஞ்சளாகவே இருந்தது. சில வாரத்தின்பின், சாளரத்தருகே வெயிலில் மறந்து வைக்கப்பட்ட குருதிக் குழாயொன்றைச் சோதித்தபோது அதன் மஞ்சட்பொருள் எதிர்பார்த்ததினும் மிகக் குறைந்து காணப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கிய கிறெமர் முதலிய வைத்தியர்கள் நீலவொளி விளக்குகளை அமைத்து ஆராய்ந்து 1958 இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒளி பட்ட பிலிரூபின் நீரிற் கரையும் வடிவம் பெற்று ஈரலின் உதவியின்றியே வெளியேறுகின்றது. இன்று ஆதார வைத்தியசாலைகளில் மஞ்சளுற்ற குழந்தையை நீலவிளக்கின்கீழ்க் கண்ணை மூடிக் கிடத்துவது இக்கண்டுபிடிப்பின் வழி வந்ததேயாகும்.

எனினும் முற்றத்து வெயில் அவ்விளக்குக்கு ஈடாகாது. விளக்கின்கீழ்க் குழந்தை ஆடையின்றி மணிக்கணக்காகக் கிடத்தல் வேண்டும். கிழக்குக் கரையின் வெயிலில் அவ்வாறு கிடத்தினால் தோல் வெந்து, உடல் நீர் வற்றிவிடும். காலையில் பத்து நிமிடம் காட்டுவதாற் பெரும்பயன் விளையாது. இதனினும் பெரிய கேடு, வெயிலிற் காட்டுகின்றோம் என்ற மனநிறைவால் இரண்டு மூன்று நாள் வீணே கழிந்துவிடுதல். மஞ்சள் மிக்க குழந்தை அயர்ந்து உறங்கும். உறங்குவதாற் பால் குறையும். பால் குறைவதால் மலம் குறைந்து மஞ்சட்பொருள் குடலிலிருந்து மீண்டும் குருதியிற் சேரும். அமைதியான பிள்ளை, அழுவதேயில்லை என்று உறவினர் மகிழ்ந்து கூறும் குழந்தை இந்தச் சுழலில் அகப்பட்டதாகவும் இருக்கலாம். நாளொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு முறை எழுப்பியேனும் பாலூட்டல் வேண்டும்.

செங்கண்மாரியோடு சேர்த்துக் கூறத்தக்கன இன்னும் இரண்டு. சில குடும்பங்களில், பெரும்பாலும் ஆண் குழந்தைகளில், குருதி அணுவைக் காக்கும் ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைந்திருக்கும். மலேரியா நெடுங்காலம் நிலைத்த நிலங்களின் மக்களிடையே இக்குறை மிகுந்து காணப்படுவது. அத்தகைய குழந்தைக்கு, பெட்டியில் அந்துருண்டையோடு வைத்திருந்த துணியை எடுத்து உடுத்தினால், அவ்வாவியே அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சளை உண்டாக்க வல்லது. முதற் பிள்ளைக்கு உடுத்திய ஆடையை அடுத்த பிள்ளைக்கெனப் பேணி வைக்கும் சிக்கனம் நல்லதே. அந்துருண்டை மட்டும் ஆகாது. மற்றொன்று, பதினான்கு நாளின் பின்னும் நீங்காத மஞ்சள். மலம் சுண்ணாம்பு போல வெளுத்தும் சிறுநீர் கடுமஞ்சளாகியும் இருந்தால், பித்தக்குழாய் அடைபட்டுள்ளதோ என வைத்தியர் ஆராய்தல் வேண்டும். அதற்குரிய சத்திரசிகிச்சை இரண்டு மாதத்துக்குள் செய்யப்படின் நற்பயன் மிகும். நாற்பது கழியட்டும் எனக் காத்திருப்பவர் அக்காலத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றனர்.

கிருமித் தொற்றே முதல் மாதத்து நோய்களுள் மிகக் கொடியது. வளர்ந்தோர் உடலிற் கிருமி புகுந்தாற் காய்ச்சல் எழும், உடல் நடுங்கும், நோயாளி முனகுவான். பச்சிளங் குழந்தையோ தன் நோயை அவ்வாறு வெளியிடும் ஆற்றல் இல்லாதது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் காயும். சில குழந்தைகளின் உடல் மாறாகக் குளிர்ந்துவிடும். கக்கத்திற் பார்த்தால் 36.5 முதல் 37.5 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பமே இயல்பு. 38 பாகையை எட்டினாலும், போர்த்தியும் உடல் சூடேறாது குளிர்ந்தே கிடந்தாலும் இரண்டும் ஒரே எச்சரிக்கையாகும். முதல் மாதத்திற் காய்ச்சலுக்கு வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்தல் என்பதே கூடாது. முன்னர் யாருக்கோ வாங்கி மீதியிருந்த பாணியைக் கொடுத்தல் அதனினும் கூடாது. யாவற்றினும் முந்திய குறி, நன்கு குடித்து வந்த குழந்தை பாலை மறுத்தல். தொடர்ந்து இரண்டு வேளை பால் குடியாத, எழுப்பினாலும் விழியாத, தூக்கினால் துவளும் பச்சிளங் குழந்தைக்கு வேறு குறி தேடிக் காலங்கழித்தல் தகாது.

மூச்சினை எண்ணுதல் எவரும் செய்யக்கூடியது. குழந்தை அமைதியாக இருக்கையில் வயிறு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக. அறுபதோ அதற்கு மேலோ ஆயின் மறுமுறையும் எண்ணுக. மீண்டும் அவ்வாறே இருந்தால், அல்லது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், மூச்சோடு முனகல் கேட்டால், வைத்தியசாலையே இடம். வலிப்பும் இப்பருவத்தில் வேறு வடிவினது. உடல் முழுதும் வெட்டி இழுப்பது அருகியே காணப்படும். கண் ஓரிடத்தில் நிலைத்தல், வாய் சப்புதல், ஒரு கையோ காலோ தொடர்ந்து துடித்தல் என்ற அளவிலே நிற்கும். துடிக்கும் உறுப்பை மெல்லப் பிடித்தால் நடுக்கம் நிற்குமாயின் அது பெரும்பாலும் வலிப்பன்று. பிடித்த பின்னும் துடிப்பு கைக்குத் தெரியுமாயின் வலிப்பெனக் கொள்ளல் வேண்டும். கண்ணூறு என்றும் பேய்ப்பார்வை என்றும் கருதித் தண்ணீர் ஓதுவோர், ஓதிக்கொண்டே வண்டியில் ஏறுவதற்கு எத்தடையும் இல்லை. வாந்தி பச்சை நிறமாயின் குடல் முறுகியிருத்தல் கூடும். அதுவும் மணி நேரத்தில் முடிவு காணப்பட வேண்டியது. பிறந்து இரண்டு நாளாகியும் மலங்கழியாத குழந்தையையும் உடனே காட்டுதல் வேண்டும்.

தொப்புளைப் பற்றிச் சிறிது கூறலாம். வெட்டிய கொடி ஐந்து முதற் பதினைந்து நாளில் உலர்ந்து விழும். அதற்குச் சாம்பல், மஞ்சள், எண்ணெய், வசம்புக்கரி எதுவும் வேண்டுவதில்லை. காற்றுப் பட உலர விடுதலே மருந்து. துர்நாற்றமோ சீழோ கண்டாலும், தொப்புளைச் சுற்றிய தோல் சிவந்து பரவினாலும் தாமதியாது காட்டல் வேண்டும். தூய்மையற்ற அலகாலும் கொடியிலிட்ட பொருள்களாலும் முற்காலத்திற் பரவிய ஏற்புவலி என்னும் நோய், பிறந்த முதல் இரு வாரத்துள் வாய் பூட்டி, பால் குடிக்க மாட்டாமல், உடல் வில்லாய் வளைந்து குழந்தையைக் கொன்றது. கருவுற்ற தாய்மாருக்குத் தடுப்பூசி இடும் முறை இலங்கையில் 1969 இல் தொடங்கியது. 2016 ஆம் ஆண்டில் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் பிரசவம் சார்ந்த ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழிந்த நோயை மறந்து சாம்பலை மட்டும் நினைவில் வைத்திருத்தல் வியப்புக்குரியதே.

எடை 2500 கிராமிற் குறைந்து பிறந்த குழந்தைக்கு மேற்கூறிய இடர்கள் யாவும் இருமடங்கு எனலாம். அதற்குக் குளிரே முதற்பகை. கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றும் அடைமழையும் இக்கரையை வருத்தும்போது, நீராட்டலைக் குறைத்து, தலையையும் காலையும் மூடி, தாயின் மார்போடு வெறுமேனியாக அணைத்துக் கட்டி வைத்தல் எவ்விலையுயர்ந்த கருவிக்கும் குறையாத பயன் தரும். 1978 இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமையால் எட்கார் றே என்னும் வைத்தியர் தொடங்கிய இம்முறை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. மருதமுனைத் தறியில் நெய்த மெல்லிய துணியொன்று இதற்குப் போதுமானது. வெள்ளம் பாதையை மறிக்கும் அப்பருவத்தில், எடை குறைந்த குழந்தையுள்ள வீட்டார் நோய் முற்றுமுன்னரே புறப்படுதல் அறிவுடைமை.

பொதுச் சுகாதார மருத்துவ மாது முதற் பத்து நாளில் இரு தடவையேனும் வீட்டுக்கு வருதல் முறை. அவர் வரும்போது குழந்தை உறங்குகின்றது எனத் திருப்பி அனுப்பாது, துணியை நீக்கிப் பகலொளியிற் காட்டுதல் வேண்டும். ஐயமுள்ளவை அவரிடம் கேட்கத் தக்கன. ஆபத்தானவை அவர் வருமளவும் காத்திருக்கத் தக்கன அல்ல. வாகனம் இல்லாதோர் 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாற் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும். ஆதார வைத்தியசாலையிற் செய்ய இயலாதது எனின், வைத்தியரே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கேயுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பார். வழியிற் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கொண்டு செல்க. சப்பும் வலியிருப்பின் பாலூட்டிக்கொண்டே செல்க. கிரைப் வாட்டரோ சரக்கு நீரோ புகட்டற்க. பிறந்தபோது வைத்தியசாலை கொடுத்த சுகாதாரப் பதிவேட்டைத் தவறாது எடுத்துச் செல்க. கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, மஞ்சள் எந்நாளில் முதலிற் கண்டது, தாயின் குருதி வகுப்பு யாது, வீட்டில் ஏதேனும் மருந்து கொடுக்கப்பட்டதா என்பனவே வைத்தியர் முதலில் வினவுவன. கடைசி வினாவுக்கு உம்மம்மா மறையாது விடை கூறுதல் வேண்டும்.